மகனைவிட வயது குறைந்த அம்மா

1991 தீபாவளிக்கு வெளியானது மணிரத்னத்தின் 'தளபதி'. பெற்ற குழந்தையைக் கூட்ஸ் ரயிலில் விட்டுவிட்ட ஒரு பெண், பல வருடம் கழித்து வளர்ந்து ஆளாகி நிற்கும் அந்த மகனைச் சந்திக்கும் காட்சியில் திரையரங்கமே கலங்கியது. தாய் கல்யாணியாக ஸ்ரீவித்யா, மகன் சூர்யாவாக ரஜினிகாந்த். ரஜினி பிறந்தது 1950 டிசம்பர் 12. ஸ்ரீவித்யா பிறந்தது 1953 ஜூலை 24. மகனுக்கு 40, அம்மாவுக்கு 38.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வேறொரு கணக்கும் கிடைக்கும். ரஜினியின் முதல் படம் 1975-ல் வந்த கே.பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்'. அதில் அவர் ஏற்ற வேடம், ஸ்ரீவித்யாவைப் பிரிந்து போன கணவன். அப்போது 22 வயதே ஆகியிருந்த ஸ்ரீவித்யா, வளர்ந்த மகளுக்குத் தாயான பாடகி பைரவியாக நடித்தார். பதினாறே ஆண்டுகளில் மனைவி அம்மா ஆகிவிட்டார். கணவனோ கதாநாயகனாகவே நின்றார். இடையில் 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்'. அதில் ஒரு கமலுக்கு மனைவி, இன்னும் இரண்டு கமல்களுக்கு அம்மா. கமல்ஹாசன் அவரைவிட ஒன்றேகால் வயதுதான் இளையவர்.

எம்.எல்.வசந்தகுமாரியின் மகள் என்ற இசைப் பாரம்பரியமும், பேசும் பெரிய கண்களும் கொண்ட ஸ்ரீவித்யாவின் முகம் 38 வயதில் மங்கிப்போய்விட்டதா? 'தளபதி'யைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். முதுமையைக் காட்ட வேண்டியிருந்ததால் நரை பூசினார்கள். சேலையையும் நடையையும் மாற்றினார்கள். வயதானது வேடம்தான், முகமல்ல.

இது ஒருவருக்கு நேர்ந்த தனிக்கதையும் அல்ல. 'அவர்கள்' படத்தில் ரஜினியின் மனைவியாக நடித்த சுஜாதா, 2002-ல் 'பாபா'வில் அவருக்குத் தாய். 1985-ல் 'பூவே பூச்சூடவா'வில் துள்ளித் திரிந்த நதியா, திரும்பி வந்தபோது 'எம்.குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி'யில் ஜெயம் ரவிக்கு அம்மா. இருவருக்கும் வயது வித்தியாசம் 14 மட்டுமே. அதே தமிழ்த் திரையில்தான் 1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானபோது எம்.ஜி.ஆருக்கு 56 வயது. 2011-ல் 'மங்காத்தா'வில் 40 வயது அஜித் நரைத்த தலையோடு வந்து நின்றபோது, டை அடிப்பதை விட்டுவிட்ட இளைஞர்கள் ஊருக்கு ஊர் கிளம்பினார்கள்.

சரி, உடம்பு என்ன சொல்கிறது? ஆணின் முகம் மெதுவாகவும் பெண்ணின் முகம் வேகமாகவும் முதுமை அடைகிறதா?

தோலைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை இருக்கிறது. தோலுக்கு உறுதி தரும் புரதம் கொலாஜன். இருபதுகளைக் கடந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் வீதம் அது இருபாலருக்கும் குறைகிறது. ஆணின் தோல் இயல்பிலேயே சற்றுத் தடிமன். அவனுக்கு இந்த இறக்கம் சீராகப் போகிறது. பெண்ணுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைவதால், அடுத்த 5 ஆண்டுகளில் மட்டும் சுமார் 30 சதவீத கொலாஜன் போய்விடுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். 'தளபதி'யில் ஸ்ரீவித்யா அம்மா வேடம் கட்டியபோது அந்த வயதுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உடம்புக்கு முந்திக்கொண்டு சினிமா அவருக்கு வயது ஏற்றியது.

தோலுக்கு அடியில் நடப்பதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி. முகத்தில் உள்ள கொழுப்பு ஒரே பரப்பாக இல்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கிறது. வயதாக ஆக நெற்றிப்பொட்டிலும் கன்னத்தின் ஆழத்திலும் அது வற்றுகிறது, தாடையோரம் தொங்குகிறது. அதற்கும் கீழே எலும்பே கரைகிறது. கண்குழி அகலமாகிறது, மேல்தாடை பின்வாங்குகிறது, அதனால் மூக்கு நுனி தாழ்கிறது. கண்ணுக்குக் கீழ் பள்ளம் விழுவதும், மூக்கோரத்திலிருந்து வாய்வரை கோடு இறங்குவதும் இதனால்தான். மேலே தடவும் க்ரீம் எதுவும் எலும்புவரை போவதில்லை. போவதாக விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்த மாற்றங்களில் விதிப்படி வருபவை பாதி என்றால், நாமாகச் சேர்த்துக்கொள்பவை மீதி. வெயிலைப் பற்றி யாரும் மறக்க முடியாத ஒரு புகைப்படம் 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. 28 ஆண்டுகள் சரக்கு லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கரின் முகம் அது. வலது பாதி வயதுக்கேற்ற சுருக்கத்தோடு இருக்கிறது. இடது பாதியில் தோல் தடித்து, ஆழமான வரிகள் விழுந்து, கன்னம் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. இரண்டு வெவ்வேறு மனிதர்களின் பாதிகளை ஒட்டவைத்தது போல இருக்கும். அமெரிக்க லாரியில் ஓட்டுநருக்கு ஜன்னல் இடப்பக்கம். தோலைச் சுடும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஆழத்தில் போய்க் கொலாஜனைச் சிதைக்கும் ஏ கதிரோ பக்கவாட்டு ஜன்னல் வழியே உள்ளே வந்துவிடும். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். வருடக்கணக்கில் வண்டி ஓட்டியவர்கள் இரு கன்னங்களையும் ஒருமுறை கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கறுத்த தோலுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. மெலனின் அதிகம் இருப்பதால் வெயிலால் விழும் சுருக்கம் நமக்கு வெள்ளையர்களைவிடப் பல ஆண்டுகள் தள்ளியே வருகிறது. நம்மவர்களின் முகத்தில் முதலில் வருவது சுருக்கமல்ல, நிறத்திட்டு: கன்னத்தில் படரும் மங்கு, கண்ணைச் சுற்றிக் கருமை. ஆனாலும் நம் கடைகளில் பல காலம் அமோகமாக விற்றது சிவப்பழகு க்ரீம்தான். இளமையைக் காக்கும் நிறத்தையே குறையென்று விற்ற கொடுமை அது.

புகைப்பழக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கும். அங்கே வந்த ஒத்த இரட்டையரில் ஒருவர் புகைப்பவராகவும் மற்றவர் புகைக்காதவராகவும், அல்லது குறைவாகப் புகைத்தவராகவும் இருந்த 79 ஜோடிகளைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். 2013-ல் வெளியான முடிவின்படி, அதிகம் புகைத்தவருக்கே கண்ணுக்குக் கீழ் பையும் தாடையில் தொங்கலும் கூடுதல். மரபணு ஒன்று, முகம் வேறு.

டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 70 வயதைத் தாண்டிய 1,826 இரட்டையரின் முகப் படங்களைக் காட்டி வயதை ஊகிக்கச் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், எந்த இரட்டையர் மூத்தவராகத் தெரிந்தாரோ அவரே முதலில் இறந்துபோகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. முகத்தோற்றத்தை வெறும் அலங்கார விஷயம் என்று தள்ளிவிட முடியாது. மருத்துவர் நம்மைப் பார்த்ததும் முதலில் முகத்தைக் கவனிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் இளமையாகத் தெரிவதும் ஈர்ப்பும் ஒன்றுதானா? இங்கேதான் நாட்டியக் கலைஞர் டி.பாலசரஸ்வதியைப் பற்றிப் பேச வேண்டும். 1935-ல் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்தபோது சத்யஜித் ராய்க்கு வயது 14. அதை மனதில் வைத்திருந்து, 1976-ல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அப்போது பாலாவுக்கு 58. பருத்த உடல், தொங்கிய கன்னம். நாட்டியக்காரிக்கு என்று சபாக்கள் எதிர்பார்க்கும் ஒடிசலான உருவம் இல்லை. கடற்கரையில் நின்று கண்ணனை அழைக்கிறார். கடல் காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. அதைச் சரி செய்துகொள்ளாமல் கை நீள்கிறது, புருவம் கொஞ்சம் ஏறுகிறது, கண்ணில் கொஞ்சலும் கண்டிப்பும் மாறி மாறி வருகின்றன. பார்ப்பவரால் கண்ணை எடுக்க முடியாது. இருபது வயதுப் பெண்ணால் அந்தப் புருவத்தை அப்படி ஏற்ற முடியாது; அதற்குப் பின்னால் ஐம்பது ஆண்டுப் பயிற்சி இருக்கிறது.

பாலாவை ரசிக்கத் தெரிந்த ஊர்தான் இது. 58 வயதுக் கலைஞரிடம் ஈர்ப்பைக் காணத் தெரிந்த கண்ணுக்கு, 38 வயது ஸ்ரீவித்யாவைக் காதலியாகப் பார்க்க முடியாமல் போயிருக்காது. யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். திரைக்கு வெளியே வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக ரஜினி ஒளிவுமறைவின்றி வருகிறார். திரையில் இளைஞராக வரும்போது அதே ரசிகர்கள் மனதார ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பெருந்தன்மையில் பாதியாவது நடிகைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

இப்போது கொஞ்சம் அசைவு தெரிகிறது. 2015-ல் '36 வயதினிலே' படத்தில் ஜோதிகா திரும்பினார்; தலைப்பிலேயே வயதைப் போட்டுக்கொண்டு வந்த படம். 2019-ல் 'அசுர'னில் தனுஷின் மனைவியாக வந்த மஞ்சு வாரியர் நிஜத்தில் அவரைவிட ஏறக்குறைய ஐந்து வயது மூத்தவர். யாருக்கும் அது உறுத்தவில்லை. 2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சசிகுமாருக்கு 50, சிம்ரனுக்கு 49. இரண்டு பிள்ளைகள் பெற்ற, நடுத்தர வயதுக் கணவன் மனைவி. பெரிய நட்சத்திரக் கூட்டம் இல்லாத அந்தப் படம் வாரக்கணக்கில் ஓடியது. ஆனாலும் பெரிய பட்ஜெட் படங்களில் அறுபதைத் தாண்டிய நாயகனுக்கு முப்பது வயது நாயகி என்ற கணக்கு இன்னும் மாறவில்லை. அங்கே நாற்பது வயது நடிகைக்கு வரும் அழைப்புகளில் பல இப்போதும் அம்மா வேடத்துக்குத்தான்.