கைடு பார்க்காத நோட்டு

முனைவர் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து எழுதியவர்களிடம் சில பழக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு வரி எழுதியதும் கை சான்று தேடும். 'நான்' என்று வந்துவிட்டால் அடித்துவிடுவார்கள். சொந்த ஊரைப் பற்றி எழுதும்போதுகூட, இதற்கு முன் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஆய்வுக்கு இதெல்லாம் வேண்டும். ஆனால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு முடிந்து, கல்லூரியில் வேலையும் கிடைத்து, ஒரு ராத்திரி கதை எழுத ஆசைப்பட்டு உட்கார்ந்தால் முதலில் குறுக்கே வருவதும் இந்தப் பழக்கங்கள்தான். பாட்டி இறந்த அன்று வீட்டில் நடந்ததை எழுதத் தொடங்கியவர், மூன்றாம் வரியிலேயே சாவுச் சடங்கின் சமூகவியலுக்குப் போய்விடுகிறார்.

இப்படித் தவிக்கிறவர்கள் நடையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். யாருக்காக எழுதுகிறோம் என்பதை மாற்றினால் போதும். எதிரே கைடும் புறத்தேர்வாளரும் உட்கார்ந்திருக்கிறவரை கதை வராது.

சி.எஸ். லக்ஷ்மியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956 ஹங்கேரிப் புரட்சி தோற்றபின் தப்பி வந்த அகதிகளிடம் அமெரிக்கா நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்து, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தமிழ் இலக்கியத்தில் பெண்கள் குறித்து 1984இல் ஆங்கிலத்தில் ஆய்வு நூல் வெளியிட்டார். மும்பையில் 'ஸ்பாரோ' என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தை 1988இல் நிறுவியவர்களில் ஒருவர். கதை எழுதும்போது அவர் அம்பை. 1976இலேயே 'சிறகுகள் முறியும்' தொகுப்பு வந்துவிட்டது. 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததும் அம்பையின் கதைகளுக்குத்தான். புனைபெயரை ஒளிந்துகொள்ளும் திரையாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது தனிச் சாவி உள்ள அறையாகத் தெரிகிறது. ஆய்வாளர் அந்த வாசலோடு நின்றுவிட வேண்டும்.

பெயரை மாற்றுவதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அது கடிதம்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பால்ய சிநேகிதர்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் போனார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். சிநேகிதத்தைக் கடிதங்கள் காப்பாற்றின. அழகிரிசாமி தனக்கு எழுதியவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, பிற்பாடு நூலாகவே கொண்டுவந்தார் கி.ரா. அவருடைய 'மாயமான்' கதை 'சரஸ்வதி' இதழில் வந்தது 1958இல். அப்போது அவருக்கு ஏறத்தாழ 35 வயது. பள்ளிப் படிப்பு முடிக்காதவர், காட்டு வேலை பார்க்கிறவர், எங்கே எழுதப் பழகினார் என்று கேட்டால், என் பதில் அவர் அழகிரிசாமிக்கு எழுதிய கடிதங்கள்தான். கி.ரா.வின் உரைநடை எப்போதும் ஓர் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. பாதியில் நிறுத்திக் கேட்கிறவரைச் சிரிக்கவைத்துவிட்டு மேலே போகிறது. ஜூனியர் விகடனில் பின்னாளில் எழுதிய தொடருக்குக்கூட 'கரிசல் காட்டுக் கடுதாசி' என்றுதான் பெயர். அவரைத்தான் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது.

ஆகவே முதலில் கதை வேண்டாம். ஒரே ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள். அக்காவுக்கு, விடுதியில் கூட இருந்த தோழிக்கு, இல்லாமல் போன தாத்தாவுக்கு. அனுப்பியே ஆக வேண்டும் என்றில்லை. அக்காவுக்கு எழுதும்போது அடிக்குறிப்பு போடத் தோன்றாது. அவளுக்குத் தெரிந்த வீட்டை விவரிக்க வேண்டியிருக்காது. அவள் பார்க்காததைச் சொல்லியே தீர வேண்டியிருக்கும்.

எதை எழுதுவது? களப்பணி நோட்டை மறுபடி எடுங்கள். ஆய்வேட்டில் சேராமல் போனதெல்லாம் அதில் கிடக்கும். பேட்டி முடிந்து ரெக்கார்டரை அணைத்த பிறகு, வாசல்வரை வந்த பெரியவர் மெதுவாகச் சொன்னது. ஒலிப்பதிவின் நடுவே மருமகளை அதட்டும் குரல். கடைசி பஸ் போய்விட்டதால் தங்க நேர்ந்த வீட்டில், இருந்ததைப் பகிர்ந்து போட்ட சோறு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஆய்வுக்காகப் பேசியவர் கதைக்குச் சம்மதம் தரவில்லை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊரும் தொழிலும் உறவுமுறையும் மாறி, அவரே படித்தாலும் தன்னை அடையாளம் காணாதபடி இருக்க வேண்டும்.

தகவலும் கதையும் சேர்ந்து வாழ முடியும் என்பதற்குப் பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் இருக்கிறது. கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர் அவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கழுகுமலையிலும் சிவகாசியிலும் நடந்த கலவரங்களைப் பற்றித் தேடித் திரட்டி எழுதினார். நாவலுக்கு 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் கலவரத்துக்குப் போகும் முன் நாவல் ஆண்டி, மாரி என்ற இரண்டு சிநேகிதர்களோடு நெடுநேரம் இருக்கிறது. அந்தப் பொறுமையைத்தான் ஆய்வாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

நேரம் இல்லை என்பார்கள். விடைத்தாள் திருத்தும் வாரங்களில் உண்மையிலேயே இருக்காது. மற்ற நாட்களில் அரைப்பக்கம் போதும். கடிதமும் கதையும் எழுதும் இந்த நோட்டைப் பதவி உயர்வுக் கணக்கில் சேர்க்காதீர்கள். துறை நண்பர்களிடம் இப்போதே காட்டவும் வேண்டாம். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கோட்பாடு பேசுவார்கள், எழுதுகிறவர் மறுபடி வைவா அறைக்குப் போய்விடுவார். கதை விரும்பிப் படிக்கிற ஒருவரிடம் கொடுத்து, எந்த இடத்தில் அலுத்தது என்று மட்டும் கேளுங்கள். சொன்ன இடத்தை வெட்டிவிட்டு, அடுத்ததை எழுதத் தொடங்கலாம்.