4060 பெரிதா, 1080 பெரிதா?



4060 பெரிதா, 1080 பெரிதா? "இதென்ன டீச்சர், இரண்டாம் வகுப்புக் கணக்கு!" என்று சிரிக்கிறீர்களா? 2024-ஆம் ஆண்டு முழுப் பரீட்சை லீவில் எங்கள் எதிர்வீட்டுப் பையன் இந்தக் கேள்வியோடுதான் என் முன்னால் வந்து நின்றான். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் பெயர்கள்!

ஒன்று, ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017-இல் வந்தது. அவனுடைய அத்தை மகன் பயன்படுத்திய பழைய கார்டு. குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். மற்றொன்று, ஆர்டிஎக்ஸ் 4060. 2023-இல் வந்தது, கடையில் புதிதாக வாங்க வேண்டும்.

"4060 தானே டீச்சர் பெரிசு? கிட்டத்தட்ட நாலு மடங்கு வேகமா ஓடும்ல?"

அவன் அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். பண்டிகைக் காலத்தில் கண் விழித்துத் தைத்துச் சேர்த்த பணம் அது. அதனால் நானும் அவசரப்பட்டுத் தலையாட்டவில்லை.

முதலில் இந்தக் கார்டுக்கு என்ன வேலை என்று பார்ப்போமா? இப்போது பரவலாக இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள். (இந்த 1080-க்கும் கார்டின் பெயரில் உள்ள 1080-க்கும் எந்த உறவும் இல்லை!) பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். விளையாட்டில் கார் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால், வினாடிக்கு 60 படங்களாவது மாற வேண்டும். அப்படியானால் ஒரு வினாடிக்கு 12,44,16,000 புள்ளிகள்! ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம், வெயில் படுமா, நிழல் விழுமா என்று கணக்குப் போட வேண்டும்.

கம்ப்யூட்டரின் மூளையான சிபியூ, தலைமை ஆசிரியரைப் போல. எவ்வளவு கடினமான கணக்கானாலும் போட்டுவிடுவார். ஆனால் ஆயிரம் சின்னச் சின்னக் கூட்டல் கணக்குகளை அவர் மேசையில் வைத்தால்? மாலை வரை உட்கார்ந்திருப்பார். அதையே காலைப் பிரார்த்தனையில் நிற்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால், ஒரே நிமிடம்! கிராபிக்ஸ் கார்டு அந்தப் பிள்ளைகள் கூட்டம்தான்.

1996-இல் வந்து எல்லாரையும் வாய் பிளக்க வைத்தது 'வூடூ' என்ற கார்டு. அதன் நினைவகம் 4 எம்பி. வினாடிக்கு அதிகபட்சம் 5 கோடிப் புள்ளிகளைத் தீட்டும். மேலே நாம் போட்ட கணக்குக்கே அது போதாது, பாருங்கள்.

சரி, பெயருக்கு வருவோம். 1080 என்பதை ஆயிரத்து எண்பது என்று படிக்காதீர்கள். 10, 80 என்று பிரித்துப் படியுங்கள். முன்னால் இருப்பது தலைமுறை. பின்னால் இருப்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் தரம். ஆக, 1080 டிஐ பழைய வரிசையின் உச்சியில் இருந்த கார்டு. 4060 புதிய வரிசையில் நடுத்தரம். பழைய எக்ஸ்பிரஸையும் புதிய பாசஞ்சரையும் ஓட விடுவது போல!

புதியது என்பதாலேயே மேலானதாகிவிடாது. 2001-இல் வந்த 'ஜிபோர்ஸ் 3' கார்டில், ஒளியையும் நிழலையும் விளையாட்டு தயாரிப்பவர்களே நிரல் எழுதி மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. அடுத்த ஆண்டு வந்த 'ஜிபோர்ஸ் 4 எம்எக்ஸ்' கார்டில் அது இல்லை! பெயரில் மட்டும் 4. 'பிரின்ஸ் ஆப் பெர்சியா: தி சேண்ட்ஸ் ஆப் டைம்' என்ற 2003-ஆம் ஆண்டு விளையாட்டு, 3-ஐ ஏற்றுக்கொண்டது, 4 எம்எக்ஸை ஏற்கவில்லை. ஆசையாய் வாங்கிய பிள்ளைகளின் முகம் எப்படி இருந்திருக்கும்!

நம் பையனின் சீட்டைப் பார்ப்போம். கணக்குப் போடும் பிள்ளைகள், அதாவது 'கோர்'கள், பழைய கார்டில் 3584; புதியதில் 3072. நினைவகம் பழையதில் 11 ஜிபி. புதியதில் 8 தான். "அப்ப பழசுதான் ஜெயிக்குமா?" என்றான். பொறு தம்பி! புதிய கார்டின் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு; ஆனால் கை வேகம் அதிகம். பழையதன் வேகம் 1582 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால், புதியது 2460 வரை போகும். ஆக மொத்தத்தில், சாதாரண விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். நாலு மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பழைய கார்டு முழு மூச்சில் ஓடும்போது 250 வாட் மின்சாரம் கேட்கும். புதியது 115 வாட். தினம் 2 மணி நேரம் விளையாடினால் ஒரு மாதத்துக்கு எவ்வளவு வித்தியாசம்? 135-ஐ 2-ஆல் பெருக்கி, பிறகு 30-ஆல் பெருக்குங்கள். 8,100 வாட்-மணி. அதாவது எட்டு யூனிட்டுக்கு மேல்! அதோடு, ஒளி கண்ணாடியிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடும் தனிப் பகுதி புதியதில் உண்டு, பழையதில் இல்லை.

விளம்பரப் படங்களில் உள்ள உயரமான கோடுகளைப் பார்த்தும் மயங்கிவிடாதீர்கள். ஒரே விளையாட்டு, ஒரே காட்சி, ஒரே கம்ப்யூட்டர். கார்டை மட்டும் மாற்றி, வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று எண்ண வேண்டும். அதுதான் நேர்மையான பரீட்சை. 2025 ஜனவரியில் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங், தங்கள் புதிய 5070 கார்டு, முந்தைய தலைமுறையின் உச்சியில் இருந்த 4090 அளவுக்குச் செயல்படும் என்றார். செயற்கை நுண்ணறிவு இல்லாமல் இது நடக்காது என்றும் அவரே சொன்னார். என்ன சூட்சுமம்? கார்டு ஒரு படத்தை முறையாக வரையும். அடுத்து மூன்று படங்கள் வரை ஊகித்துச் செருகும். காட்சி வழவழப்பாகத் தெரியும். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியதற்கு வரும் பதில் அந்த அளவுக்கு வேகமாகாது. ஒரு கணக்கைப் போட்டுவிட்டு மூன்றை ஊகித்து எழுதும் மாணவனுக்கு நான் நான்கு கணக்குக்கும் மதிப்பெண் போட்டதில்லை!

கடைசியில் எதிர்வீட்டில் எதை வாங்கினார்கள் என்கிறீர்களா? 1080 டிஐ கார்டுக்கு 600 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. அவன் கம்ப்யூட்டரில் இருந்தது 550. 4060-க்கு அது போதும். பழையதை வாங்கினால் பவர் சப்ளைக்கும் செலவு. அப்பா கணக்குப் பார்த்துப் புதியதையே வாங்கித் தந்தார். அதுவும் நல்லதாகப் போயிற்று. 2025 அக்டோபரோடு 1080 டிஐ தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் மென்பொருள் வருவது நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் தொடர்கின்றன.

கார்டு மாட்டிய மறுநாள் பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "டீச்சர், வினாடிக்கு நூறு படத்துக்கு மேல காட்டுது!"

"உன் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்டா?" என்று கேட்டேன்.

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். 60. வினாடிக்கு 60 முறைதான் அது படத்தை மாற்றும்; கார்டு நூறு அனுப்பினாலும் அவ்வளவுதான்.

"அப்ப புது மானிட்டர்..." என்று அவன் இழுப்பதற்குள், கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா சைக்கிளை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டார்!