பங்கிடப்படும் மண்டபம்: இலங்கைத் தமிழ்ப் பாடசாலைகளில் அரங்க வெளி முகாமையும் நாடக ஆசிரியரின் பணி விரக்தியும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் பரீட்சைப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அப்பாடத்தின் செய்முறைக்குரிய வெளியாகப் பெரும்பாலும் அமைவது பாடசாலையின் பொது மண்டபமே. பலரும் பயன்படுத்தும் அம்மண்டபத்தை முகாமை செய்வதில் எழும் சிக்கல்களையும், அவற்றால் நாடக ஆசிரியருக்கு உண்டாகும் பணி விரக்தியையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒதுக்கப்பட்ட நேரம் எவரையும் கட்டுப்படுத்தாமையே விரக்தியின் முதன்மைக் காரணம் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பாடசாலை அரங்கு, நாடகமும் அரங்கியலும், பொதுவளம், பணி விரக்தி, பணிச்சோர்வு, ஒத்திகை.

முன்னுரை

இலங்கைக் கலைத்திட்டத்தில் 6ஆம் தரம் முதல் 11ஆம் தரம் வரை சித்திரம், சங்கீதம், நடனம் ஆகியவற்றோடு நாடகமும் அரங்கியலும் அழகியற் பாடங்களுள் ஒன்றாக அமைகிறது. க.பொ.த. உயர்தரத்தில் கலைப்பிரிவு மாணவர் இதனைத் தெரிவுசெய்து கற்கலாம். எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வும் இப்பாடத்திற்கு உண்டு. இரசாயனவியல் கற்பிக்கும் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லையெனில் அது குறைபாடாகக் கருதப்படும்; மனையியலுக்கும் தனியறை வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. நாடகத்திற்கு மட்டும் ‘மண்டபம் இருக்கிறதே’ என்ற விடை போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. அந்த மண்டபம் யாருடையது என்ற வினாவை எழுப்பும்போதுதான் சிக்கலின் வேர் புலப்படுகிறது.

மண்டபத்தின் ஓராண்டு

பாடசாலையின் ஓராண்டை மண்டபத்தின் வாயிலில் நின்று நோக்கினால் நாடகப் பாடத்திற்கு எஞ்சுவது எவ்வளவு என்பது விளங்கும். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்குரிய அலங்காரப் பொருள்களும் வாத்தியக் கருவிகளும் மண்டபத்தில் அடுக்கப்படுகின்றன. தமிழ்மொழித்தினப் போட்டி, ஆங்கிலதினப் போட்டி, பரிசளிப்பு விழா, வாணிவிழா, ஒளிவிழா என நிகழ்வுகள் தொடர்கின்றன. பெற்றோர் கூட்டமும் பழைய மாணவர் சங்கக் கூட்டமும் அங்கேயே நடைபெறுகின்றன. பொதுப் பரீட்சைக் காலத்தில் மண்டபம் பரீட்சை நிலையமாகிவிடும். அப்போது மேசையும் கதிரையும் சுட்டெண் ஒட்டி அடுக்கப்பட்டிருக்க, மேடைப் பக்கம் எவரும் செல்வதற்கில்லை. தேர்தல் வந்தால் வாக்களிப்பு நிலையம். வெள்ளம் வந்தால் இடைத்தங்கல் முகாம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாடசாலை மண்டபங்களில் தங்கிய வரலாற்றை வடக்கு, கிழக்கு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றுள் எதனையும் தேவையற்றது எனத் தள்ளிவிட இயலாது. பரீட்சை எழுதும் மாணவருக்கு அமைதி வேண்டும். வெள்ளத்தில் வீட்டை இழந்தவருக்குக் கூரை வேண்டும். ஆகவே நாடக ஆசிரியரின் முறைப்பாட்டைப் பிற பயனாளருக்கு எதிரான வழக்காகக் கொள்ளலாகாது. மேற்கண்ட நிகழ்வுகளுட் பலவற்றின் திகதிகள் முன்கூட்டியே அறியத்தக்கவை என்பதே இங்குக் கருதத்தக்கது. விழாக்கள் நாட்காட்டியில் உள்ளன. பரீட்சைகளுக்கு அறிவித்தல் வருகிறது. எதிர்பாராது வருபவை சிலவே. இருந்தும் ஒத்திகை நாளன்று காலையில், மாணவர் வேட்டியை மடித்துக்கட்டி மேடையேறும் வேளையில், மண்டபம் வேறொரு கூட்டத்திற்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி நாடக ஆசிரியரை வந்தடைகிறது. பெரும்பாலும் அதைக் கொண்டுவருபவர் திறப்பை வைத்திருக்கும் சிற்றூழியரே.

இதற்கு ஒரு காரணம் உண்டு. நேரசூசியில் பாடமாக உள்ள நாடகம், மண்டபத்தைப் பொறுத்தவரை இணைப்பாடவிதானச் செயற்பாடாகவே எண்ணப்படுகிறது. விழாவுக்கு ஒரு நாடகம் தேவைப்படும்போது மண்டபம் தாராளமாகத் திறக்கப்படும். அதே மாணவர் செய்முறைத் தேர்வுக்குப் பயிலும்போது அவர்கள் மரநிழலுக்கு அனுப்பப்படுவர். பாடசாலை நாடகத்தின் பயனை மதிக்கிறது. பாடமாக அதற்குள்ள உரிமையை மறந்துவிடுகிறது.

மரபில் வெளியும் முறையும்

தமிழ் அரங்க வரலாற்றைக் கூறும் கட்டுரைகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்து தொடங்குவது வழக்கம். ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் எனவும் மூவகை எழினி எனவும் அது வகுக்கும் அரங்கு ஆடலுக்கென்றே அமைக்கப்பட்டது. பாடசாலை மண்டபத்தோடு ஒப்பிடுவதற்கு அதனினும் பொருத்தமானது மட்டக்களப்புக் கூத்துக் களரி. களரி பொது நிலத்தில், பெரும்பாலும் கோயிலை அண்டிய வெளியில் அமைக்கப்பட்டு, ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடும். அவ்வெளி ஊர் முழுவதற்கும் உரியது. ஆயினும் சட்டம் கொடுத்தல் தொடங்கிக் கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரை ஒவ்வொரு படிநிலையும் ஊரறிந்த நிகழ்வாக இருந்தது. அண்ணாவியார் வெளிக்கு உரிமையாளர் அல்லர். ஆனால் குறித்த இரவு கூத்துக்குரியது என்பதில் ஐயம் இருக்கவில்லை. சொந்த இடமின்றியே செழித்த ஓர் அரங்க மரபு தமிழருக்கு உண்டு என்பதையும், ஊர் வழக்கம் என்னும் எழுதா விதி அதனைக் காத்தது என்பதையும் இது காட்டுகிறது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படச்சட்ட மேடைக்கு ஏற்பச் செம்மைப்படுத்தினார். 1964இல் மேடையேறிய ‘இராவணேசன்’ அம்முயற்சியின் உச்சங்களுள் ஒன்று. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, அரங்கப் பயிற்சியை ஆசிரியரிடத்தும் மாணவரிடத்தும் கொண்டுசென்றது. இவற்றால் பாடசாலை அரங்கு பெற்ற வளம் பெரிது. கூத்து வெளியிலிருந்து மண்டபத்துக்கு அரங்கு இடம்மாறியபோது ஊர் வழக்கம் கூடவே வரவில்லை. அதன் இடத்தை நிரப்ப வேண்டிய எழுத்து விதி பெரும்பாலான பாடசாலைகளில் இன்னும் எழுதப்படவில்லை.

பொதுவளமாக மண்டபம்

பொதுவளங்களை மக்கள் தாமே வகுத்த விதிகளால் நெடுங்காலம் பேண இயலும் என்பதை எலினோர் ஒஸ்ரொம் 1990இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நொபெல் பரிசும் பெற்றார். அவர் எடுத்தாண்ட எடுத்துக்காட்டுகளுள் தென்னிலங்கையின் மாவெல்லக் கரைவலை மீன்பிடியும் ஒன்று. கரையில் வலை வளைப்பதற்கு ஒவ்வொரு வலைக்கும் முறை வகுக்கப்பட்டிருந்தது. முறை நேர்மையானதே. புதிய வலைகளைத் தடுக்கும் சட்டம் நடைமுறைப்படுத்தப்படாமையால் வலைகள் பெருகின; ஒவ்வொரு வலைக்கும் முறை வரும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. கரைவலைப்பாடு அறிந்த முல்லைத்தீவு மீனவருக்கு இது எளிதில் விளங்கும்.

மண்டபத்தின் நிலையும் இதனை ஒத்ததே. மண்டபப் பதிவேட்டில் வரிசைப்படி பெயர் எழுதும் முறை பல பாடசாலைகளில் இருக்கலாம். புதிதாக நுழையும் நிகழ்வுக்கு எல்லை இல்லையெனில் அப்பதிவேட்டால் பயன் இல்லை. மேலும், எழுதிய பெயரை அதிபரின் வாய்ச்சொல் ஒன்றே அழித்துவிடும் என்றால் அது பதிவேடாகாது, விண்ணப்பமாகவே நிற்கும். வளத்தைப் பயன்படுத்துவோர் விதியை ஆக்குவதிலும் பங்குபெற வேண்டும் என்பது ஒஸ்ரொம் வகுத்த நெறிகளுள் ஒன்று. மண்டப விதிகள் வகுக்கப்படும் கூட்டத்தில் நாடக, நடன ஆசிரியரும் திறப்பைப் பொறுப்பேற்கும் ஊழியரும் அமர்ந்திருப்பது அரிதாகவே நிகழ்கிறது.

விரக்தியின் இயல்பு

வேலைப்பளு மிகுந்து, அதனை எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையும்போது உள அழுத்தம் கூடுகிறது என்பது ரொபேர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த மாதிரியின் சாரம். நாடக ஆசிரியரின் நிலை இதற்கு நன்கு பொருந்துகிறது. செய்முறைத் தேர்வின் பெறுபேற்றுக்கு அவர் பொறுப்பாளர். அதற்கு வேண்டிய வெளி எப்போது கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. 40 நிமிடப் பாடவேளையில் கதிரைகளை ஒதுக்கி, மேடையைத் துப்புரவாக்கி, ஒலிவாங்கியின் வடங்களைச் சுருட்டி முடிக்கும்போது பாதி நேரம் கழிந்துவிடும். இச்சிறு இழப்புகள் ஒவ்வொன்றும் முறையிடத் தகுதியற்றவையாகத் தோன்றுவதால் சொல்லப்படாமலே தேங்குகின்றன.

கிறிஸ்ரினா மஸ்லாக் பணிச்சோர்வை உணர்ச்சி வறட்சி, பிறரிடம் மனிதத் தொடர்பின்றி நடத்தல், தன் பணியில் நிறைவின்மை என மூன்று கூறுகளாக விளக்கினார். இவற்றுள் இரண்டாவதே பாடசாலையில் மிகுந்த கேடு தருவது. அதிபரிடம் காட்ட முடியாத சினம் கீழ்நோக்கிப் பாய்கிறது. திறப்பைத் தாமதமாகக் கொணர்ந்த ஊழியர் மீதும், வசனத்தை மறந்த மாணவர் மீதும் அது விழுகிறது. தமிழ்ப் பாடசாலைச் சூழலில் மேலிடத்தில் குறை கூறுவது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படுவதால் இப்போக்கு மேலும் வலுப்பெறுகிறது. ‘சேர் சொன்னால் சரிதான்’ என்று வெளியில் கூறி உள்ளே புழுங்கும் ஆசிரியர், மூன்றாம் ஆண்டில் ஒத்திகைக்கு மண்டபமே கேட்காத ஆசிரியராகிவிடக் கூடும். பின்னர் நாடகம் குறிப்புக் கொடுக்கும் பாடமாகச் சுருங்கும். மாணவர் அரங்கை எழுத்தில் கற்பர். மேடையில் எங்கே நின்றால் குரல் பின்வரிசைவரை செல்லும் என்பதை அறியாமலே செய்முறைத் தேர்வுக்குச் செல்வர்.

பொறுமையை வளர்த்துக்கொள்ளுமாறு ஆசிரியருக்கு அறிவுரை வழங்கும் பயிற்சிப்பட்டறைகள் இச்சிக்கலின் ஒரு பாதியையே தொடுகின்றன. பொறுமை மிகுந்தவரின் முறையே முதலில் பறிக்கப்படுகிறது என்பது ஆசிரியர் ஓய்வறைகளில் எவரும் அறிந்த உண்மை.

முகாமை வழிகள்

முதற்படி, ஆண்டுத் தொடக்கத்தில் மண்டப நாட்காட்டி ஒன்றை வகுப்பது. பொதுப் பரீட்சைகள் முதலிலும், செய்முறைத் தேர்வுக்கு முந்திய வாரங்களின் ஒத்திகை அடுத்தும், விழாக்கள் அதற்குப் பின்னும் குறிக்கப்பட வேண்டும். இவ்வரிசை முக்கியமானது, விழாக்களை முதலிற் குறித்தால் பாடத்திற்கு எஞ்சுவது துண்டுகளே.

அதனினும் முக்கியமானது, முறை பறிக்கப்படும்போது பின்பற்ற வேண்டிய விதி. அவசரம் வரும், அதிபருக்கு மாற்றும் அதிகாரம் இருக்கவே வேண்டும். ஆனால் மாற்றுபவர் நேரத்தை இழக்கும் ஆசிரியருக்குத் தாமே அறிவித்தல், அவ்வாரத்திலேயே ஈடான நேரம் தருதல், மாற்றிடத்தைப் பெயர் சுட்டிக் கூறுதல் ஆகிய மூன்றும் கடமையாக்கப்பட வேண்டும். இழந்த நேரத்துக்கு ஈடு உண்டு என்றால் ‘சும்மா ஒரு கூட்டம்’ என்பதற்காக மண்டபம் கேட்போர் குறைவர்.

நாடக ஆசிரியரிடத்தும் வேண்டுவன உள்ளன. எல்லாப் பயிற்சிக்கும் மண்டபம் தேவையில்லை. அரங்க விளையாட்டு, புத்தாக்க நடிப்பு, வசன வாசிப்பு ஆகியவற்றை முற்றத்திலும் வகுப்பறையிலும் நடத்தலாம். மேடை அசைவு, வருகை, வெளியேறல், ஒளி, ஒலி ஆகியவற்றுக்கே மண்டபம் இன்றியமையாதது. இவ்வேறுபாட்டைக் காட்டி நேரம் கோருபவரின் கோரிக்கையை மறுப்பது கடினம். தவணை முழுவதும் பெயர் எழுதிவைத்துப் பாதி நாள் வராதிருக்கும் நாடக ஆசிரியரும் உண்டு; நடன ஆசிரியரின் முறைப்பாட்டில் அப்போது நியாயம் இருக்கிறது.

விரக்தியை வெளியிடுவதற்கும் முறை உண்டு. இழந்த பாடவேளைகளைத் திகதியோடு குறித்துவைத்து, தவணை முடிவில் பிரதி அதிபரிடம் எழுத்தில் கையளிக்கலாம். ‘எங்களை மதிப்பதில்லை’ என்ற கூற்று வாதத்தைத் தூண்டும். ‘பன்னிரண்டு பாடவேளைகளில் ஏழு கிடைக்கவில்லை, செய்முறைத் தேர்வுக்கு ஆறு வாரமே உள்ளது’ என்ற கூற்றுக்கு விடை கூறியாக வேண்டும். ஒத்திகை தடைப்பட்ட நாளில் அதன் காரணத்தை மாணவருக்கு இரண்டு வசனத்தில் கூறிவிட்டு, அதற்கெனவே ஒதுக்கிவைத்த மண்டபம் வேண்டாத பயிற்சிக்கு மாறுவது நன்று. மாணவர் முன்னிலையில் நிருவாகத்தைப் பழிப்பது அவர்களது அரை மணி நேரத்தையும் சேர்த்து இழப்பதாகும்.

மண்டபமே இல்லாத பாடசாலைகள்

இதுவரை கூறியவை தனி மண்டபம் உள்ள பாடசாலைகளுக்கே பொருந்தும். சிறிய பாடசாலைகள் பலவற்றில் நீண்ட கட்டடம் ஒன்று தட்டிகளால் பிரிக்கப்பட்டு, நான்கைந்து வகுப்புகள் அருகருகே நடைபெறுகின்றன. அங்கு நாடக வகுப்பின் உரத்த குரலே அயல் வகுப்புக்கு இடையூறு. விரக்தி கணித ஆசிரியருடையது. அத்தகைய பாடசாலையில் பங்கிட வேண்டியது ஓசையையே. எந்தப் பாடவேளையில் அயல் வகுப்புக்குச் சோதனை, எந்தப் பாடவேளையில் நாடக வகுப்பு குரல் உயர்த்தலாம் என்பதை இரு ஆசிரியரும் வாரத் தொடக்கத்தில் நேரசூசியை விரித்துவைத்துக் குறித்துக்கொள்ள வேண்டியுள்ளது. சோதனை நாளில் நாடக மாணவர் ஊமம் பயிலலாம்.