பட்டுப் பாதையில் ஒரு நோய்

இஸ்தான்புல்லைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்சட், 1937-இல் ஒரு விசித்திரக் கூட்டணியை விவரித்தார்: வாய்ப்புண், பிறப்புறுப்பில் புண், கண்ணுக்குள் அழற்சி. உடலின் எதிர்ப்பாற்றலே தன் இரத்தக்குழாய்களைத் தாக்கும் இந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது.

துருக்கியில்தான் இது மிக அதிகம். அங்கிருந்து ஈரான், சீனா, கொரியா, ஜப்பான் என்று பழைய வணிகப் பாதையை ஒட்டியே பரவிக்கிடக்கிறது. ஏன்? எச்.எல்.ஏ.-பி51 என்ற மரபணு வகை அப்பகுதி மக்களிடம் கூடுதல். வணிகர்கள் பட்டோடு மரபணுவையும் சுமந்தார்கள் என்று ஊகிப்பவர்கள் உண்டு. அழகான கதை, ஆனால் முழுக் கதையல்ல. அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஜெர்மனியில் குடியேறிய துருக்கியரிடம் இது ஜெர்மானியரைவிட அதிகம், தாய்நாட்டவரைவிடக் குறைவு. ஊரும் சூழலும் ஏதோ செய்கின்றன.

நோயின் முகமும் மாறுகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் குடல்புண் அடிக்கடி வரும். துருக்கியில் அது அரிது. தோலில் ஊசி குத்தி, 48 மணி நேரத்துக்குள் கொப்புளம் எழுகிறதா என்று பார்ப்பது இந்நோய்க்கான பழைய சோதனை. துருக்கியில் பலருக்கு எழும். அதே நோயுள்ள பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் எழாது.