சம்பளக் கவரும் ஒரு காஸ்ட்டும்

1996 ஜூன் 4. ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சிதறிவிட்டது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்தார்கள்; 32,767-க்கு மேல் அதில் இடமில்லை.

அதன் ஒன்றுவிட்ட தம்பியை திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பார்த்தேன். சனிக்கிழமை சாயந்திரம். வாசலில் வாரச் சம்பளத்துக்குக் கூட்டம். உள்ளே, புதிதாகப் போட்ட ஜாவா புரோகிராம் 'கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன்' என்று படுத்துவிட்டது. (பி.காம். சிலபஸில் இது கிடையாது!)

டெய்லர்களுக்குப் பீஸ் ரேட். செக்கிங் பெண்களுக்கு ஷிப்ட் சம்பளம். புரோகிராமர் தம்பியோ எல்லோரையும் 'பீஸ்ரேட்' இன்டர்ஃபேஸாக காஸ்ட் பண்ணியிருந்தார். முதல் செக்கிங் அக்கா பெயர் வந்ததும் அவுட்!

"ஏனுங்க, கம்பைல் பண்றப்பவே சொல்லாதுங்களா?" என்றார் மேனேஜர்.

சொல்லாது. இன்டர்ஃபேஸ் என்பது ஒப்பந்தம், கிளாஸ்தான் ஆள். இந்த ஆளின் வாரிசு எவராவது அதில் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று கம்பைலர் விட்டுவிடும். கிளாஸை 'ஃபைனல்' என்று அறிவித்தால் வாரிசு கிடையாது, அப்போதே பிடிபடும். இன்னொரு கூத்து, அதே பெயரில் மெத்தட் இருந்தும் 'இம்ப்ளிமென்ட்ஸ்' எழுதாவிட்டால் ஜாவா ஒப்புக்கொள்ளாது. காஜா அடிக்கத் தெரிந்தால் போதுமா, மஸ்டர் ரோலில் பெயர் வேண்டாமா?

தம்பி 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' போட்டு ஷிப்ட் ஆட்களைத் தனியே பிரித்தார். கவர் ஏழரைக்கு வந்தது. அது ஒட்டுத் தையல்தான். திங்களன்று 'சம்பளம் கணக்கிடு' மெத்தடைப் பொது இன்டர்ஃபேஸில் வைத்து, இரண்டு கிளாஸும் அவரவர் வழியில் கணக்குப் போடும்படி செய்தார். காஸ்ட்டே வேண்டியிருக்கவில்லை.