கினோசாகி: ஊரே ஒரு விடுதி, வெந்நீர் எல்லோருக்கும் பொது... 23 வருட வழக்கு உருவாக்கிய ஜப்பான் ஊர்!

சாயங்காலம் 6 மணி. ஆற்றங்கரை ஓரமா வில்லோ மரங்கள். சின்னச் சின்ன கல் பாலங்கள். பருத்தி யுகாட்டா அங்கி, காலில் கெட்டா என்ற மரச்செருப்பு, கையில் துண்டு வைத்த சின்னக் கூடை. இந்தக் கோலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நடுரோட்டில் டக் டக்கென்று நடந்து போகிறார்கள். எல்லோரும் போவது ஒரே வேலைக்குத்தான்: குளிக்க!

இன்ஸ்டாகிராமில் ஜப்பான் பயண ரீல்ஸ் பார்ப்பவர்கள் இந்தக் காட்சியை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஊரின் பெயர் கினோசாகி ஒன்சென். பார்க்க சினிமா செட் மாதிரி இருக்கும். ஆனா, இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு நிலநடுக்கமும், 23 வருடம் இழுத்த ஒரு வழக்கும் இருக்கின்றன. "பூமிக்கு அடியில் வரும் வெந்நீர் யாருக்குச் சொந்தம்?" என்பதுதான் வழக்கு.

முதலில், ஒன்சென் என்றால் என்ன?

ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. ஜப்பானில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1948-ல் வந்த அந்தச் சட்டப்படி, நிலத்துக்கு அடியிலிருந்து வரும் நீர் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால், பட்டியலிட்ட 19 பொருட்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு அதில் கலந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும், அது ஒன்சென்தான்.

கினோசாகி இருப்பது ஹியோகோ மாகாணத்தில், ஜப்பான் கடலுக்குப் பக்கத்தில். இப்போது தொயோகா நகராட்சியின் ஒரு பகுதி. இங்குள்ள நீர் உப்புச் சத்து கொண்டது. குளித்த பிறகு அந்த உப்பு தோலில் மெல்லிய படலமாகத் தங்கி, சூடு சீக்கிரம் போகாமல் பார்த்துக்கொள்ளும். பனி கொட்டும் ஜனவரியில் மெல்லிய அங்கியோடு தெருவில் நடக்கிறார்களே, எப்படி என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

ஏழு குளியல் இல்லங்கள்

ஊரின் உயிர்நாடி 'சோட்டோயு' என்ற ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். சோட்டோ என்றால் வெளியே, யு என்றால் வெந்நீர். அதாவது, தங்கும் விடுதிக்கு வெளியே இருக்கும் குளியல்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் பிரார்த்தனை செய்து, 720-ம் ஆண்டில் வெந்நீர் பொங்கியது என்பது மண்டரா-யுவின் கதை. காயம்பட்ட நாரை ஒன்று நீரில் காலை நனைத்துக் குணமானதைப் பார்த்து மக்கள் கண்டுபிடித்தது கோ-நோ-யு என்பார்கள். ஒசாகாவிலிருந்து இங்கே வரும் விரைவு ரயிலின் பெயரும் 'கோனோதோரி', அதாவது நாரை!

பழைய காலத்தில் இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் உடம்பு சரியில்லாதவர்கள். வாரக்கணக்கில் தங்கி, தினமும் குளித்து, தேறிப் போவார்கள். 1913-ல் தோக்கியோவில் ரயில் மோதிக் காயமடைந்த எழுத்தாளர் ஷிகா நவோயாவும் அப்படித்தான் வந்தார். அந்த அனுபவத்தை வைத்து 1917-ல் அவர் எழுதிய 'கினோசாகியில்' என்ற சிறுகதை ஜப்பானிய இலக்கியத்தில் ரொம்பப் பிரபலம்.

1925: ஊரே தரைமட்டம்

1925 மே 23. வடக்கு தாஜிமா பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. மொத்தம் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கினோசாகியில் இடிந்தது போக மிச்சமிருந்த மரவீடுகளைத் தீ தின்றது. ஊர் கிட்டத்தட்ட முழுசாக அழிந்தது.

திரும்பக் கட்டும்போது ஊர்க்காரர்கள் சில முடிவுகளை எடுத்தார்கள். தெருக்களை அகலப்படுத்த அவரவர் நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த முறை தீ பரவாமல் இருக்க, மரக் கட்டடங்களுக்கு நடுவே ஆங்காங்கே கான்கிரீட் கட்டடங்களை வைத்தார்கள். ஆற்றின் கரைகளைக் கல்லால் உயர்த்திக் கட்டினார்கள். இன்று எல்லோரும் செல்ஃபி எடுக்கும் அந்த ஆற்றங்கரை, பேரிடருக்குப் பிறகு போட்ட திட்டத்தின் மிச்சம்.

வெந்நீர் யாருக்குச் சொந்தம்?

அதுவரை கினோசாகி விடுதிகளில் தங்குவதற்கு மட்டும்தான் இடம். குளிக்க எல்லோரும் பொது இல்லங்களுக்குத்தான் போக வேண்டும். 1927-ல் ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியலை அமைத்தது. ஊர் கொதித்துவிட்டது.

விடுதித் தரப்பின் வாதம் எளிமையானது: என் நிலம், என் விடுதி, என் வாடிக்கையாளர். ஊரின் பயம் வேறு. பணமுள்ள விடுதிகள் ஆளுக்கொரு ஆழ்துளை போட்டால் பொது ஊற்று என்ன ஆகும்? விருந்தினர் உள்ளேயே குளித்துவிட்டு உள்ளேயே சாப்பிட்டுத் தூங்கினால், தெருவில் கடை வைத்திருப்பவர், குளியல் வசதி இல்லாத சின்ன விடுதிக்காரர் எல்லாம் எப்படிப் பிழைப்பார்கள்?

விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. நடுவில் ஓர் உலகப் போரே வந்து போனது. 1950-ல்தான் சமரசம் ஏற்பட்டது. வெந்நீர் ஊரின் பொதுச்சொத்து. விடுதிகள் உள்ளே குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. அவ்வளவுதான் சாராம்சம்.

1972-ல் இன்னொரு படி முன்னேறினார்கள். பல ஊற்றுகளின் நீரையும் ஓரிடத்தில் சேர்த்து, வெப்பத்தைச் சமன் செய்து, குழாய் வழியாகப் பொது இல்லங்களுக்கும் விடுதிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கும் முறை வந்தது. பெரிய விடுதி, சின்ன விடுதி எல்லாவற்றுக்கும் ஒரே நீர்.

இப்போது அந்த மாலைக் காட்சியைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். விடுதிக் குளியல் சின்னது. அதனால் விருந்தினர் வெளியே வருகிறார்கள். வெளியே வருவதால் தெருவில் ஐஸ்கிரீம் கடை, கைவினைக் கடை, விளையாட்டுக் கூடம் எல்லாம் ஓடுகின்றன. "ஊரே ஒரு விடுதி. ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், விடுதிகள் அறைகள், சோட்டோயு பொதுக் குளியலறை" என்று ஊர்க்காரர்கள் சொல்வது வெறும் விளம்பர வாசகமில்லை. சண்டை போட்டு, பேசி, எழுதி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

போவதாக இருந்தால்...

*எப்படிப் போவது?* கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஒசாகாவிலிருந்தும் நேரடி ரயில் உண்டு.

*நுழைவு?* ஊரில் உள்ள விடுதியில் தங்கினால் பொதுக் குளியல் இல்லங்களுக்கான பாஸ் கிடைக்கும், தனிக் கட்டணம் இல்லை. யுகாட்டா, கெட்டா, கூடையும் விடுதியிலேயே தருவார்கள். ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு இல்லத்துக்கும் வாரத்தில் ஒவ்வொரு நாள் விடுமுறை, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

*உடை?* நம்மில் பலருக்கும் தயக்கம் வரும் இடம் இதுதான். உள்ளே நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை, உடையே இல்லாமல்தான் குளிக்க வேண்டும். ஆண்கள், பெண்களுக்குத் தனித்தனிப் பகுதி. முதல் ஐந்து நிமிடம்தான் கூச்சம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்ததும் சரியாகிவிடும்.

*என்ன விதிகள்?* தொட்டிக்குள் இறங்கும் முன் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுசாகக் குளிக்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, ஊறுவதற்கு மட்டும். சின்னத் துண்டை நீரில் முக்கக் கூடாது, தலையில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போன் எடுக்கவே கூடாது.

*டாட்டூ இருக்கா?* யாகுசா கும்பல்களோடு தொடர்புபடுத்தி, பல ஒன்சென்களில் டாட்டூ இருப்பவர்களை உள்ளே விடுவதில்லை. கினோசாகியின் பொதுக் குளியல் இல்லங்களில் அந்தத் தடை கிடையாது.

*உடம்பு?* மது குடித்துவிட்டோ, வயிறு முட்டச் சாப்பிட்ட உடனேயோ இறங்க வேண்டாம். ஏழையும் ஒரே ராத்திரியில் முடிக்கும் சவாலும் வேண்டாம். ரெண்டு மூணு போதும். இடையிடையே தண்ணீர் குடியுங்கள். பிபி, இதயப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

*எப்போது?* நவம்பர் முதல் மார்ச் வரை நண்டு சீசன். கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். பட்ஜெட் பயணிகள் மற்ற மாதங்களைப் பார்க்கலாம்.

ராத்திரி கடைசிக் குளியலை முடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பும்போது, பக்கத்தில் நடப்பவர் எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்று யுகாட்டாவின் டிசைனை வைத்துக் கண்டுபிடிக்கலாம். விலை உயர்ந்த அறையோ சாதாரண அறையோ, இருவரும் ஊறியது ஒரே தண்ணீரில். அதை அப்படியே வைத்திருக்க இந்த ஊருக்கு 23 வருடம் ஆனது.