விடுமுறைக் குளிரும் வீட்டுக் காவலும்

மார்கழி பிறந்ததும் பிறம்ரனில் எம்மவர் இல்லங்கள் பல பூட்டப்படுகின்றன. பள்ளி விடுமுறையுடன் தைப்பொங்கலையும் சேர்த்து ஊருக்கோ சென்னைக்கோ புறப்படுவோர் நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைக்கின்றனர். முன்கதவுக்கு இரண்டாவது பூட்டும் போடுகின்றனர். கள்வனுக்கு அஞ்சுவது நியாயமே. எனினும், இந்நாட்டுக் குளிர்காலத்தில் வீட்டுக்கு நேரும் பெருங்கேடுகள் பல கதவைத் திறந்துகொண்டு வருவதில்லை.

2013 டிசெம்பர் 21, 22ஆம் நாட்களில் உறைமழை பொழிந்து மரங்களும் மின்கம்பிகளும் முறிந்தபோது, ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. நத்தார் கழிந்த பின்னரும் பல வீடுகள் இருளிற் கிடந்தன. குளிர் தாங்காது கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியோர் சிலர் நச்சுவாயுவால் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இச்செய்தி எமக்கு ஏனையோரைவிட நெருக்கமானது. 1990 முதல் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றியிருந்த யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்குடனும் விறகு அடுப்புடனும் குடும்பம் நடத்திய தலைமுறை நாம். ஆனால் அங்கு ஓட்டுக்கூரை மூச்சுவிட்டது. யன்னல்கள் திறந்து கிடந்தன. இங்குள்ள வீடோ குளிருக்கென இறுக அடைக்கப்பட்ட பெட்டி. அங்கு எம்மைக் காத்த கைப்பழக்கம் இங்கு உயிரைக் குடித்துவிடும்.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் பிணைகிறது. தலையிடி, குமட்டல், சோர்வு என்பனவே அறிகுறிகள். விருந்துண்ட களைப்பென எண்ணிப் படுத்தவர் எழாமற் போகலாம். 2008 டிசெம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் பெண் பொலிஸ் அதிகாரி ஒருவரும் கணவரும் இரு பிள்ளைகளும் இவ்வாறே மாண்டனர். எரிவாயுக் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. அக்குடும்பத்தின் பெயர் தாங்கிய ஹோக்கின்ஸ் ஜினாக் சட்டத்தின் வழியாகவே, எரிபொருட் கருவியுள்ள வீடுகளிற் படுக்கையறைகளுக்கு அருகே எச்சரிக்கைக் கருவி வேண்டுமென்ற விதி 2014 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 2026 சனவரி முதல் ஒவ்வொரு தளத்துக்கும் அது விரிந்தது. பனி கொட்டிய மறுநாள், பக்கச்சுவரில் உள்ள புகைக்குழாயின் வாய் மூடுண்டிருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பதற்குச் சட்டம் ஏதும் வேண்டியதில்லை.

பயணம் போவோருக்கு உறைபனி வேறொரு பகை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கிறது; குழாய் வெடிக்கிறது; உருகிய பின் நீர் சுவரெல்லாம் பாய்கிறது. காப்புறுதி இருக்கிறதே என்பர். பல காப்புறுதிப் பத்திரங்களின் சிறிய எழுத்துகளில் ஒரு நிபந்தனை உண்டு: குளிர்பருவத்தில் வீடு தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் ஆளின்றி இருப்பின், தினமும் ஒருவர் வந்து வெப்பத்தைச் சோதித்திருக்க வேண்டும்; அல்லது நீரை மூடிக் குழாய்களை வடித்திருக்க வேண்டும். தவறினால் இழப்பீடு இல்லை. பயணச்சீட்டு வாங்குமுன் அந்தப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள்.

நிலக்கீழ் அறையில் வாடகைக்கு ஆளிருக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். மேலே எவருமில்லை என்று வெப்பத்தைக் குறைத்துவிட்டுப் பறப்பவர், கீழே இருப்பவரை மின்கணப்புக்கும் அடுப்புக்கும் துரத்துகிறார். அவர் பெரும்பாலும் அண்மையில் வந்திறங்கிய, வழக்கு முடியாத ஓர் அகதி. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோ மேல்தளத்தில்! இதைச் சிக்கனம் என்று அழைக்க என்னால் முடியவில்லை. அவரிடம் நீர்க்குழாயின் பிரதான அடைப்பைக் காட்டுங்கள், மேல்வீட்டுத் திறப்பையும் கொடுங்கள். ஊரில் அயல்வீட்டாரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போனவர்கள்தானே நாம்.

நிலக்கீழ் அறையில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. எச்சரிக்கைக் கருவி ஒலித்தால் மின்கலத்தைக் கழற்றிவிட்டுப் படுக்காதீர்கள். பிள்ளைகளுடன் வெளியேறி, வெளியே நின்று 911 அழையுங்கள். வீட்டுக்காரர் கோபிப்பாரோ, வழக்குக் கெடுமோ என்று அஞ்சித் தாமதிக்க வேண்டாம். தீயணைப்புப் படையினர் வருவது வாயுவை அளக்க. உங்கள் குடிவரவுக் கடிதத்தைப் பார்க்க அல்ல.